முள் பார்த்துக் கொடுத்த மாத்திரை

கொதிகலன்காரர் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். சலவை ஆலையின் பின்பக்கக் கொட்டகையில் அவருடைய கொதிகலன் இருந்தது. நீராவியின் அழுத்தம் காட்டும் வட்ட மீட்டர் அவர் தலைக்கு மேலே. காலையில் வந்ததும் நிமிர்ந்து பார்ப்பார். பார்த்ததோடு விடமாட்டார், விரல் நகத்தால் அதன் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவார். முள் கொஞ்சம் ஆடிவிட்டு அதே இடத்தில் வந்து நின்றால்தான் அது சொல்வது உண்மை. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்கும் அதே மரியாதைதான். அதன் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சி வெளியே விட்டு, மறுபடி பழைய உயரத்துக்கு ஏறுகிறதா என்று பார்த்த பிறகே டீயில் வாய் வைப்பார். மனுஷன் வாழைப்பழம் வாங்கினாலும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார் என்று ஆலையில் பேச்சு. பெயரே ‘முள்ளு’ என்று ஆகிவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

முள் ஏறினால் வால்வைத் திறக்க வேண்டும், இறங்கினால் மூட வேண்டும், நடுவில் நின்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த வாழ்க்கை அவ்வளவுதான். அதை வைத்தே வயதான ஒரு கொதிகலனை ஒருநாளும் சீற விடாமல் ஓட்டிவந்தார்.

அவர் மனைவிக்கும் அதே ஆலையில்தான் வேலை. விரிப்புகள் சூடான உருளைகளுக்கு இடையில் நுழைந்து தகடு மாதிரி வெளியே வரும் இடத்தில், ஒரு முனையை அவளும் மறுமுனையை அவள் தங்கை சின்னவளும் பிடித்து, உதறி, மடிப்பார்கள். அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டே மடிப்பதைப் பார்த்தால் விரிப்பு தானாகவே மடிந்துகொள்கிறது என்று தோன்றும். சின்னவள் அவர்கள் வீட்டிலேயே இருந்தாள். வாய்த்துடுக்கு அதிகம். அக்காளுக்கு அவள் வாய்தான் பாதுகாப்பு.

ஆலைக்கு வரும் துணியில் பாதி ஆஸ்பத்திரித் துணி. விரிப்பு, திரைச்சீலை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு. கோட்டுகளைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பேனா போதும், மொத்தச் சலவையும் நீலமாகிவிடும். பையிலிருந்து வருகிற சாமான்களை ஒரு தட்டில் போட்டு வைப்பார்கள். மூடி இல்லாத பேனா, பாதி தின்ற பிஸ்கட், கிழிந்த மாத்திரை அட்டை, ஒருமுறை ஒரு பல் செட்டு. கொதிகலன்காரர் டீ நேரத்தில் வந்து அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்.

"சொந்தப் பையில என்ன இருக்குன்னு தெரியாதவங்க. இவங்க அடுத்தவன் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றாங்களாம்."

"மாமா, பல் செட்டு டாக்டரோடதா நோயாளியோடதா?" என்பாள் சின்னவள்.

"யாரோடதா இருந்தா என்ன? பல்லையே மறந்துட்டுப் போறவன் மருந்தை மறக்கமாட்டானா?"

அந்த மழைக்காலம் தொடங்கியபோது மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இருந்த காய்ச்சல்தான். விட்டுவிட்டது என்று வேலைக்கு வந்தவள், மடித்த விரிப்புக் கட்டு ஒன்றைத் தூக்கியதும் மூச்சு வாங்கி, அந்தக் கட்டின்மீதே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. நெஞ்சில் யாரோ காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். சின்னவள் போட்ட கூச்சலில் கொதிகலன்காரர் முள்ளை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் முள்ளை விட்டுவிட்டு ஓடியதை அன்றைக்குத்தான் ஆலை பார்த்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சில நாள் படுக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒல்லியான ஒரு பெண் டாக்டர் அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார். காய்ச்சலைக் கொண்டுவந்த கிருமி இதயத் தசையில் வீக்கத்தை உண்டாக்கிவிட்டது, இதயம் சோர்ந்து போயிருக்கிறது, கனம் தூக்கக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும். இதுவரை கொதிகலன்காரர் ஒழுங்காகத்தான் கேட்டார். பிறகு டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது அவர் கண் டாக்டரின் கோட்டுப் பையில் போய் நின்றுவிட்டது. மூடி இல்லாத பேனா. பக்கத்தில் கிழிந்த மாத்திரை அட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. இந்த அம்மாவின் கோட்டு எத்தனை தடவை நம் தட்டை நிரப்பியிருக்குமோ என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தலை மட்டும் தன் பாட்டுக்கு ஆடியது.

"புரிஞ்சுதா?" என்றார் டாக்டர்.

"புரிஞ்சுது."

புரியவில்லை என்பது மருந்துக்கடையில்தான் தெரிந்தது. கடைக்காரர் அட்டையை உறையில் போட்டுக்கொண்டே, "பிரஷர் மாத்திரை. தினமும் காலைல ஒண்ணு, ஒரே நேரத்துக்குக் குடுங்க" என்றார்.

"பிரஷரா? யாருக்குப் பிரஷர்?"

"உங்க வீட்டுக்காரம்மாவுக்குத்தானே வாங்கறீங்க?"

"அவளுக்கு ஏதுய்யா பிரஷர்? நெஞ்சுல வீக்கம்னு சொன்னாங்க."

"டாக்டர் எழுதினதைத்தான் சார் நான் குடுக்க முடியும்."

கொதிகலன்காரர் உறையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பை கனத்தது. பக்கத்துப் படுக்கையில் கிடந்த அம்மாளுக்கு எழுதிய மாத்திரை இவளுக்கு மாறி வந்திருக்கும் என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த டாக்டர் வேறு என்ன சொல்லப் போகிறார், தான் எழுதியது சரி என்றுதானே சொல்வார் என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டு நடந்தார்.

ஆனாலும் முதலில் கொடுக்கத்தான் செய்தார். காலையில் தண்ணீர்க் குவளையும் மாத்திரையுமாக வருவார். அவள் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தபடியே கையை நீட்டுவாள். அவர் தன் உள்ளங்கையில் வைப்பது என்ன என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. வாயில் போட்டுக்கொண்டு, "இன்னைக்குத் துணி காயுமாங்க?" என்பாள். உட்கார்ந்திருந்தாலும் அவள் மனசு மடிப்பு மேசையில்தான் கிடந்தது.

ஒருநாள் கட்டிலிலிருந்து எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தலை சுத்துதுங்க."

அவர் அவளைப் பிடித்து உட்கார வைத்தார். அன்று மாலையே மருந்துக்கடைக்குப் போனார்.

"பிரஷர் பாக்கற மெஷின் இருக்கா?"

"இருக்கு சார். பட்டனை அமுக்கினா போதும், எண் காட்டிடும்."

"எண்ணை யாரு வேணா காட்டலாம். முள்ளு இருக்கற மெஷின் குடு."

கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். கையில் பட்டை சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, காதுக்குழாய் வைத்துக் கேட்டு, முள் நிற்கிற இடத்தைப் பார்க்கிற ரகம். எப்படிப் பார்ப்பது என்று தன் கையிலேயே சுற்றிக் காட்டினார். கொதிகலன்காரர் ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன். பிரஷர் இறங்கிக் கெடக்கறவங்களுக்குப் பிரஷர் மாத்திரை குடுத்தா என்ன ஆகும்?"

"இன்னும் இறங்கும். மயக்கம் வரும். ஏன், யாருக்கு? டாக்டரைக் கேட்டுட்டு—"

"போதும். இதுதான் எனக்குத் தெரியணும்."

கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்த மீதியை மழை வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலை மனைவியின் கையில் பட்டையைச் சுற்றினார். பந்தை அமுக்கினார். நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். முள் தாழ்ந்துதான் நின்றது. நெருப்பு அணையப் போகிற கொதிகலனின் வால்வைத் திறந்துவிடுகிறவனை என்னவென்று சொல்வது? அவர் எடுத்த மாத்திரையை அட்டையோடு திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாத்திரை?" என்று அவள் கையை நீட்டினாள்.

"இன்னைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. மெஷின் வச்சுப் பாக்கணும். முள்ளு ஏறியிருந்தா ஒண்ணு, இறங்கியிருந்தா வேண்டாம்."

பொய்தான். ஆனால் சொல்லும்போது அவருக்குப் பொய் மாதிரியே தெரியவில்லை. விவரம் தெரிந்த டாக்டர் என்றால் அப்படித்தானே சொல்லியிருப்பார்?

அவள் கையை மடக்கிக்கொண்டாள். "டாக்டர் சொன்னா சரிதான்" என்றாள்.

அதன்பிறகு மாத்திரை கொடுத்த நாள் கொஞ்சம், கொடுக்காத நாள்தான் அதிகம். சில நாள் முள் ஒரு கோடு மேலே நின்றால் பாதியை உடைத்துக் கொடுப்பார். தலைச்சுற்றல் நின்றுவிட்டது. கொதிகலன்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். மழை விடாமல் பெய்து ஈரத்துணி மலையாகக் குவிந்து, உலர்த்தும் எந்திரங்கள் நீராவியைக் குடித்துத் தள்ளிய நாள்கள் அவை. அத்தனை வேலையிலும் அவர் முகத்தில் ஒரு களை இருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தப்பைத் தனியாளாகக் கண்டுபிடித்துத் திருத்திவிட்ட களை.

களை சீக்கிரமே போய்விட்டது. மனைவிக்குச் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணை கேட்டவள், பிறகு மூன்று கேட்டாள். கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள்.

கொதிகலன்காரருக்குச் சந்தேகம் வந்தது. தன்மேல் அல்ல, சின்னவள் அக்காளுக்கு வைத்த சூப்பின்மேல்.

"இதுல உப்புப் போட்டியா?" என்று சின்னவளைக் கேட்டார். அவள் அடுப்படியில் அக்காளுக்கு ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாயில வச்சுப் பாருங்க. வெந்நீர் மாதிரிதான் இருக்கு."

அவர் கரண்டியை எடுத்து வைத்துப் பார்த்தார். வெந்நீர் மாதிரிதான் இருந்தது. "உங்கக்கா வாய்க்கு ருசியா இல்லைன்னு தெரியாம ஒரு சிட்டிகை போட்டிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

சின்னவள் ரொட்டியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா மாமா?"

"கேளு."

"மாத்திரை விஷயம் டாக்டர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாங்களா? முள்ளு பாத்து, ஒருநாள் குடு, ஒருநாள் குடுக்காதேன்னு?"

"பின்ன, நானா சொல்றேன்?"

"டாக்டர் யாராவது பாதி மாத்திரையை நகத்தால உடைச்சுக் குடுக்கச் சொல்லுவாங்களா? எனக்கென்னமோ அது உங்க பேச்சு மாதிரி இருக்கு."

"உனக்கு என்ன தெரியும்? பிரஷரே இல்லாதவளுக்குப் பிரஷர் மாத்திரை எழுதியிருக்காங்க. ஆள் மாறிப் போச்சு. நான் கவனிக்கலேன்னா உங்கக்கா என்னைக்கோ மயங்கி விழுந்திருப்பா."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. அடுப்பில் ரொட்டி கருகியது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"அப்ப டாக்டர் சொல்லலை" என்றாள் சின்னவள்.

"கத்தாதே. அவ காதுல விழும்."

"விழட்டுமே."

"வேண்டாம்" என்றார். அவர் குரல் இறங்கி அவள் கேட்டதே இல்லை. "அவ பயந்துருவா."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன். இது விளையாட்டு இல்ல மாமா, எனக்கு இருக்கறது ஒரே ஒரு அக்கா."

மறுநாள் ஆஸ்பத்திரியில் நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று சின்னவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவள் கொதிகலன்காரரைக் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே அதே ஒல்லி டாக்டர். பையில் அதே மூடி இல்லாத பேனா. மனைவியின் நெஞ்சில் பசை தடவி ஒரு கருவியை ஓட்டித் திரையில் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் இறுகியது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா?"

"ஒருநாள்கூடத் தவறலை டாக்டர்" என்றாள் மனைவி. மூச்சு வாங்கினாலும் குரலில் ஒரு பெருமை இருந்தது. "நீங்க எப்படிச் சொன்னீங்களோ அப்படியே. என் கையில விடறதில்ல, இவரேதான் எடுத்துக் குடுப்பாரு. அவ்வளவு கவனம்."

கொதிகலன்காரர் தரையைப் பார்த்தார்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "அப்படின்னா மருந்து கேக்கலை. இதயம் போன தடவையைவிட விரிஞ்சிருக்கு, தள்ளற சக்தி இன்னும் கொறைஞ்சிருக்கு. மருந்துக்கு மசியாத ரகமா இருக்குன்னு தோணுது. நான் பெரிய எடத்துக்கு எழுதித் தரேன். இதயத்திலேர்ந்து துளி சதை எடுத்துப் பாப்பாங்க. வேகம் இப்படியே இருந்தா, இதயத்துக்குத் துணையா கருவி வைக்கறதைப் பத்தியும் பேசுவாங்க."

டாக்டர் தன் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிடலாம். இன்றிலிருந்து ஒழுங்காகக் கொடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? சின்னவள் வாயை எப்படியாவது கெஞ்சி அடைத்துவிடலாம். இவள் கண்ணில் தான் இப்போது இருக்கிறபடியே இருந்துகொள்ளலாம். கொதிகலன்காரர் அதையும் நினைத்தார், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பேனா தாளில் இறங்கியது. தான் பொய்யாகக் காட்டிய முள்ளைப் பார்த்து இந்த டாக்டர் வால்வைத் திருப்பப் போகிறார். வேறு எதையும் விட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"எழுதாதீங்க" என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"மாத்திரை சாப்பிடலை. நான் குடுக்கலை. என்னைக்காவது ஒண்ணு குடுத்தேன், சில நாள் பாதி. மெஷின் வாங்கிப் பாத்தேன், பிரஷர் இறங்கியே இருந்தது. தலை சுத்துதுன்னு வேற சொன்னா. அதான் நிறுத்தினேன். நீங்கதான் அப்படிச் சொன்னீங்கன்னு இவகிட்ட பொய் சொல்லிட்டேன்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"பிரஷரைக் குறைக்கறதுக்கா நான் குடுத்தேன்? இவங்களுக்குப் பிரஷர் இல்லைன்னு எனக்குத் தெரியும். வீங்கிப்போன இதயம் ரத்தத்தைத் தள்ளுது. எதிர்ல ரத்தக் குழாயெல்லாம் இறுகிக் கெடந்தா அதுக்கு இன்னும் பாடு. இந்த மாத்திரை குழாயைத் தளர்த்திவிடும், இதயத்துக்குச் சுமை கொறையும். பாடு கொறைஞ்சாத்தான் அது மீண்டு வர ஒரு வாய்ப்புக் கெடைக்கும். அதுக்காகத்தான் தினமும். தலை சுத்தினா என்கிட்ட வரணும், அளவைக் கொறைச்சிருப்பேன். இதெல்லாம் அன்னைக்கே தாழ்வாரத்துல நின்னு சொன்னேனே. நீங்க தலையாட்டினீங்களே."

"உங்க பையைப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் கொதிகலன்காரர்.

"என்ன?"

"பேனாவுக்கு மூடி இல்ல. அதைப் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க சொன்னது காதுல விழலை."

டாக்டர் தன் பையைக் குனிந்து பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கிய தாளைக் கிழித்துப் போட்டார்.

"இப்ப சரியாகிடுமா டாக்டர்?" என்றார் கொதிகலன்காரர்.

"தெரியாது. அன்னைக்கே ஒழுங்கா குடுத்திருந்தாக்கூட உறுதியா சொல்லியிருக்கமாட்டேன். இப்ப அதைவிடக் கஷ்டம். இங்கயே படுக்க வச்சு மொதல்ல நீரை எறக்குவோம். மாத்திரையைக் கொறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிப்போம். இதயம் கேக்குதான்னு பாக்கலாம்."

நீர் இறங்கியது. மூன்று தலையணை இரண்டானது. இதயம் கொஞ்சம் கேட்கிறது, முழுசாகக் கேட்குமா என்று இன்னும் சொல்ல முடியாது என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் கிளம்பும்போது டாக்டரின் பேனாவில் மூடி இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் மனைவி அவரோடு சாதாரணமாகத்தான் பேசினாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். உருளை எந்திரத்துக்குப் புதுத்துணி மாற்றினார்களா என்று கேட்டாள். மாத்திரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை வெயில் அடித்தது. கொதிகலன்காரர் மெஷின் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி அலமாரிக்குமேல் ஏற்றினார். மாத்திரை அட்டையைச் சின்னவளிடம் நீட்டி, "இனிமே நீயே குடு" என்றார்.

"நான் எதுக்கு? நீங்களே குடுங்க. அக்கா அப்படித்தான் சொன்னா" என்று அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துக்கொண்டு தண்ணீரோடு போனார். அவள் கட்டிலில் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போலக் கையை நீட்டினாள். அவர் வைத்தார்.

கை வாய்க்குப் போகவில்லை. அவள் குனிந்து உள்ளங்கையைப் பார்த்தாள். மாத்திரையை இரண்டு விரலால் எடுத்து, உடையாமல் முழுசாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அட்டையைக் குடுங்க."

கொடுத்தார். அவள் அட்டையிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிதுக்கிய இடத்தைப் பார்த்தாள். அட்டையின் பின்பக்கத்தை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோ" என்றார் அவர்.

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே.

அவள் பார்த்து முடிக்கும்வரை அவர் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.